ட்ராக்குக்குப் போகும் போலோவுக்கு 195ஆ, 215ஆ?

ஃபோக்ஸ்வாகனின் போலோ ஜிடி டிஎஸ்ஐ காரைச் சென்னையை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கில் விரட்டிப் பார்த்தவர்கள் எல்லோரும் சீக்கிரமே வந்து நிற்கும் இடம் டயர். கம்பெனியிலிருந்து வந்த 185/60 R15 (முதல் எண் டயரின் அகலம் மி.மீ.யில், அடுத்தது பக்கச்சுவர் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது, R15 என்றால் 15 இன்ச் ரிம்), சாலைக்கு நல்ல டயர்தான். ட்ராக்கில் இரண்டாவது லேப்பிலேயே, அதாவது இரண்டாவது சுற்றிலேயே, கத்த ஆரம்பித்துவிடும். அதற்கு மேலும் விரட்டினால் ஸ்டீயரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் வண்டியின் மூக்கு உள்ளே திரும்பாது. சரி, மாற்றித்தான் ஆக வேண்டும். எந்த அகலத்துக்கு?

நான் போட்டிருப்பது 15 இன்ச் அலாயில் 195/55. ரிம் அகலம் 7 இன்ச். பெரம்பூரில் இருக்கும் நண்பர் 16 இன்ச் அலாய் வாங்கி 215/45 போட்டார். அவருடையதும் 7 இன்ச் அகலம்தான். இரண்டும் ஒரே மாடல் வண்டி, அதே 105 பிஎஸ் எஞ்சின், சஸ்பென்ஷனில் இருவருமே கை வைக்கவில்லை. மாற்றி மாற்றி ஓட்டியும் பார்த்திருக்கிறோம். நான் 195 பக்கம்தான். ஆனால் 215க்கும் ஒரு இடம் உண்டு, அதையும் சொல்கிறேன்.

முதலில், அதிகம் யோசிக்க வேண்டாத விஷயங்கள். விட்டத்தில் இரண்டுமே பிரச்சினை தராது. பழைய டயரின் மொத்த விட்டம் 603 மி.மீ., 195/55 R15க்கு 595, 215/45 R16க்கு 600. ஸ்பீடோமீட்டரில் வரும் வித்தியாசம் ஒன்றரை சதவீதத்துக்குள் அடங்கிவிடும். மைலேஜ் இரண்டிலும் கொஞ்சம் இறங்கும், 215இல் கூடுதலாக இறங்கும். பார்வைக்கு 16 இன்ச் அழகு, அதில் பேச்சே இல்லை. எடையிலும் விலையிலும் 15 இன்ச் லாபம்.

சாலை விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ட்ராக்குக்குத் தனியாக ஒரு செட் சக்கரம் வைத்துக்கொண்டு, வண்டியை ட்ரெய்லரில் ஏற்றிப் போகிறவர்களுக்கு இது பொருந்தாது. நான் திருவொற்றியூரிலிருந்து மணலி வழியாக வெளிவட்டச் சாலை பிடித்து, நசரத்பேட்டையில் பெங்களூரு நெடுஞ்சாலை ஏறி, எந்த டயரில் லேப் அடிக்கப் போகிறேனோ அதே டயரில்தான் போய் வருகிறேன். துறைமுகத்துக்கும் எண்ணூருக்கும் போகும் கன்டெய்னர் லாரிகள் உழுதுவிட்ட சாலைகளில் சைடுவால், அதாவது டயரின் பக்கச்சுவர், எவ்வளவு உயரம் என்பது ரொம்ப முக்கியம். 195/55இல் அது 107 மி.மீ., 215/45இல் 97. பத்து மி.மீ.தானே என்று தோன்றும். மழைத்தண்ணீர் நின்று பள்ளம் தெரியாமல் சக்கரம் இறங்கும்போது, டயர் பக்கவாட்டில் வீங்கிப்போவதும் தப்பிப்பதும் அந்தப் பத்து மி.மீ.யில்தான் இருக்கிறது. நண்பரின் அலாய் ஒன்று உள்பக்க விளிம்பில் நெளிந்து, தட்டி எடுத்தார்கள். அப்படித் தட்டி எடுத்த அலாயை நம்பி ட்ராக்கில் முழு வேகத்தில் பிரேக் அடிக்க எனக்கு மனசு வராது.

இனி முக்கியமான விஷயம். டயர் அகலமானால் தரையைத் தொடும் ரப்பரும் அதிகமாகும் என்று நினைக்கிறோம். கணக்கு அப்படி வராது. டிரைவரோடு சேர்த்து முன்சக்கரம் ஒன்றின் மேல் சுமார் 350 கிலோ உட்கார்ந்திருக்கிறது என்று வையுங்கள். காற்று 32 பிஎஸ்ஐ, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 2.25 கிலோ. வகுத்தால் தரையைத் தொடும் பரப்பு 155 சதுர செ.மீ. பக்கம் வரும். 195 போட்டாலும் 215 போட்டாலும் ஏறத்தாழ அதேதான், ஏனென்றால் எடையும் மாறவில்லை, காற்றழுத்தமும் மாறவில்லை. மாறுவது அந்தப் பரப்பின் வடிவம். அகல டயரில் அது குறுக்கே நீண்டு, முன்பின்னாகச் சுருங்கும்.

இந்த வடிவ மாற்றத்தில் நிஜமான லாபம் இருக்கிறது. வளைவில் டயர் சீக்கிரம் பிடிக்கும், ஸ்டீயரிங்கைத் திருப்பியவுடன் வண்டி பதில் சொல்லும். ரப்பர் மொத்தமாக அதிகம் என்பதால் சூடு பரவவும் இடம் அதிகம். பெரிய எஞ்சின் உள்ள வண்டிகளுக்கு அகல டயர் கொடுப்பதற்கு இந்தச் சூடும் ஒரு பெரிய காரணம். நண்பரின் வண்டியில் முதல் இரண்டு லேப் எனக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது. பிரேக்கிலும் கொஞ்சம் தெம்பு இருந்தது.

ஆனால் இந்த லாபம் கைக்கு வர வேண்டுமானால், டயர் தட்டையாகத் தரையில் உட்கார வேண்டும். போலோவில் அது நடப்பதில்லை. முன்பக்கம் மெக்பர்சன் ஸ்ட்ரட் வகை சஸ்பென்ஷன். கம்பெனி வைத்திருக்கும் நெகட்டிவ் கேம்பர், அதாவது சக்கரத்தின் மேல்பக்கம் உள்நோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம், அரை டிகிரி சுற்றித்தான், அதைக் கூட்டிக்கொள்ளப் பெரிய வசதியும் இல்லை. வளைவில் பாடி சாயும்போது வெளிப்பக்கச் சக்கரமும் கூடவே சாய்ந்து, டயர் தன் வெளி ஓரத்தின் மேல் ஏறி நிற்கும். உள் ஓரம் தரையைத் தொட்டும் தொடாமலும் வரும். சாய்வு இரண்டு வண்டியிலும் ஒன்றுதான். ஆனால் டயர் எவ்வளவு அகலமோ, அதன் உள் ஓரம் அவ்வளவு மேலே தூக்கிக்கொள்ளும், சுமை முழுக்க வெளி ஓரத்தில் குவியும். காசு கொடுத்து வாங்கிய கூடுதல் அகலம் எந்த இடத்தில் வேலை செய்ய வேண்டுமோ, அந்த இடத்தில் காற்றில் நிற்கிறது. முன்சக்கரம் இழுக்கும் வண்டியில் வளைவு முடிந்து ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போதும் பாரம் அதே ஓரத்தின் மேல்தான்.

ட்ராக்கின் குணமும் இதோடு சேர்கிறது. எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு ரேஸ் என்றால் சோழவரம்தான், பழைய விமான ஓடுதளம், நீள நேர் ஓட்டம். 1990இல் வந்த இருங்காட்டுக்கோட்டை 3.7 கி.மீ.க்குள் 12 வளைவுகள் வைத்திருக்கிறது. சிலவற்றில் டயர் சாய்ந்தபடியே ரொம்ப நேரம் சுமை தாங்க வேண்டும்.

அடுத்தது ரிம். பலரும் டயர் அகலத்தையே பேசி ரிம் அகலத்தை விட்டுவிடுகிறார்கள். 195/55 R15 டயருக்கு அனுமதிக்கப்பட்ட ரிம் அகலம் 5.5 முதல் 7 இன்ச் வரை. 215/45 R16க்கு 7 முதல் 8 வரை. ஆக, அதே 7 இன்ச் ரிம் ஒரு டயருக்கு மேல் எல்லை, இன்னொன்றுக்குக் கீழ் எல்லை. ரிம் அரை இன்ச் கூடினால் டயரும் ஏறத்தாழ 5 மி.மீ. விரியும் என்பது டயர்க்காரர்கள் கணக்கு. 195 டயர் 7 இன்ச்சில் ஏறும்போது விரிந்து 200 மி.மீ. தாண்டிவிடுகிறது, சைடுவால் நிமிர்ந்து நிற்கிறது. அதே அகலத்தில் 215 ஏறும்போது சைடுவால் ரிம்மைத் தாண்டி லேசாகப் பிதுங்குகிறது. இப்படிப் பிதுங்கும் டயர்தான் வளைவில் மடங்கும். ஐரோப்பாவில் போலோவுக்குக் கம்பெனியே கொடுத்த அளவுகளில் 215/45 R16 ஒன்று, அதுவும் 7 இன்ச் ரிம்மில்தான். சாலைக்கு அது தாராளமாகப் போதும். நான் பேசுவது ட்ராக்கைப் பற்றி.

இதை நேரில் பார்க்க ஒரு சாக்பீஸ் துண்டு போதும். டயரின் ட்ரெட் (தரையில் உருளும் பகுதி) முடிந்து சைடுவால் தொடங்கும் இடத்தில், மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டுவிட்டு ட்ராக்கில் இறங்க வேண்டும். திரும்பி வந்து, கோடு எதுவரை அழிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். சைடுவாலின் மேல்பக்கம் ஒரு சின்ன முக்கோணக் குறி இருக்கும். ட்ரெட்டுக்குள் தேய்மானக் குறி எங்கே என்று காட்டத்தான் அது இருக்கிறது, ஆனால் ட்ராக்கில் ஓட்டுகிறவர்கள் டயர் எவ்வளவு மடங்கியது என்று பார்க்க அதையே அளவாக வைத்துக்கொள்வார்கள். என் டயரில் சாக்பீஸ் முக்கோணத்தின் நுனிவரை அழிந்து நின்றது. நண்பரின் டயரில் முக்கோணமும் தேய்ந்து, கீழே கம்பெனிப் பெயரின் முதல் எழுத்துகள் வரை கோட்டைக் காணோம். ஓரத்தில் ரப்பர் கடுகு கடுகாக உருண்டு ஒட்டியிருந்தது. கை வைத்தால் வெளி ஓரம் சுடுகிறது, உள் ஓரம் வெதுவெதுப்புதான்.

பராமரிப்புச் செலவு இங்கேதான் தீர்மானமாகிறது. நண்பரின் முன்டயர்கள் வெளி ஓரத்தில் 1.6 மி.மீ. தேய்மானக் குறிவரை தேய்ந்தபோது உள்பாதியில் ட்ரெட் தாராளமாக மிச்சம் இருந்தது. அலைன்மென்ட் கடையில், “சார், அலைன்மென்ட் மொத்தமா அவுட்டு” என்றார்கள். மெஷினில் ஏற்றிப் பார்த்தால் எல்லாம் கம்பெனி அளவுக்குள். கேம்பர் இல்லாத வண்டியில் அகல டயர் போட்டால் அலைன்மென்ட் சரியாக இருந்தும் அப்படித்தான் தேயும்.

195 மட்டும் தேயாதா என்றால், தேயும். ஓரம்தான் முதலில் போகும். ஆனால் மெதுவாக, உள்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் பெரிய இடைவெளி விழாமல் போகிறது. அதோடு என்னுடையது சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயர். ரிம்மிலிருந்து கழற்றிப் புரட்டி மாட்டி, இடதை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றினால் அம்புக்குறியும் சரியாக இருக்கும், தேய்ந்த ஓரமும் உள்ளே போய்விடும். நண்பருடையதில் ‘அவுட்சைடு’ என்று ஒரு பக்கம் அச்சடித்திருக்கிறது, அதைப் புரட்ட முடியாது. இது அகலத்தால் வந்ததல்ல, டயரின் ட்ரெட் வடிவத்தைப் பொறுத்தது. வாங்கும்போதே பார்த்து வாங்குங்கள்.

டயர் கிடைப்பதையும் யோசிக்க வேண்டும். 1946இல் பலூன் செய்யும் கொட்டகையாக எம்.ஆர்.எஃப் தொடங்கிய ஊர் எங்களுடையது. அந்த ஊரில் இருந்துகொண்டே 215/45 R16 தேடி அலைய வேண்டியிருக்கிறது. காரணம், நம்மூரில் அந்த அளவுக்கு ஓட்டம் குறைவு. 2020 ஜூனில் புது டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்த பிறகு, வெளியிலிருந்து வரும் அளவுகளும் குறைந்துவிட்டன. ஒரு டயர் வீங்கி, அதே ஜோடியில் இன்னொன்று கிடைக்காவிட்டால் இரண்டையுமே மாற்ற வேண்டிவரும்.

எந்த அகலம் போட்டாலும் சில விஷயங்கள் பொது. 6 இன்ச், ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது வண்டியில் பொருந்தும் முகம் வரை உள்ள மி.மீ. தூரம்) 40 உள்ள ரிம்மிலிருந்து 7 இன்ச், ஆஃப்செட் 38க்குப் போனால் ரிம்மின் உள் விளிம்பு உள்ளே சுமார் 11 மி.மீ., வெளி விளிம்பு வெளியே சுமார் 15 மி.மீ. நகரும். ஸ்ட்ரட்டில் உரசுகிறதா என்று ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்துப் பாருங்கள். ஆஃப்செட்டை இன்னும் குறைத்தால் பிரேக் அடிக்கும்போது ஸ்டீயரிங் இழுக்கும். ஃபோக்ஸ்வாகன் வீல் போல்ட்டின் தலைக்கடியில் உருண்டையாக இருக்கும், வெளி அலாய்கள் பெரும்பாலும் கூம்பு வடிவ போல்ட் கேட்கும். பழைய போல்ட்டையே போட்டு முறுக்கினால் இறுகியதுபோல் தெரியும், ஓட ஓட லூசாகும். இதில் யார் சொன்னாலும் சமாதானம் ஆகாதீர்கள். அலாயை நடுவில் சரியாக உட்கார வைக்கும் 57.1 மி.மீ. ஹப் வளையம், சரியான போல்ட், இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சில் 120 நியூட்டன் மீட்டர், கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மறுபடி ஒரு முறை. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் தகவல் சொல்லிவிடுங்கள்.

215 யாருக்கு? கேம்பரைக் கூட்ட உதவும் கேம்பர் பிளேட் போட்டு இரண்டு டிகிரிக்கு மேல் நெகட்டிவ் வைத்தவர்களுக்கு, ஸ்பிரிங்கை இறுக்கிச் சாய்வைக் குறைத்தவர்களுக்கு, எஞ்சினை ரீமேப் செய்து பவரை ஏற்றியவர்களுக்கு. அவர்கள் ரிம்மையும் 7.5க்கோ 8க்கோ ஏற்றிவிட்டால் நான் 195க்காகப் பேச மாட்டேன், 215தான் வேகம். அப்படிச் செய்த வண்டியை நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்த்ததோடு சரி. ஈர ட்ராக்கில் இரண்டையும் வைத்துப் பார்க்கும் வாய்ப்பும் வரவில்லை. தண்ணீரை வெட்டிப் போவதில் குறுகலான டயருக்கு இயல்பாகவே சாதகம் என்பதற்கு மேல் என்னால் சொல்ல முடியாது. லேப் டைமை வைத்தும் தீர்ப்புச் சொல்லவில்லை, ஓட்டும் கைகள் வேறு வேறு.

நடுவில் 205/50 R15 ஒன்று இருக்கிறது. 5.5 முதல் 7.5 வரை ரிம் ஏற்கும், என்னுடைய 7 இன்ச்சில் வசதியாக உட்காரும். விட்டம் 586தான் என்பதால் வண்டி கொஞ்சம் தாழும், ஸ்பீடோமீட்டர் மூன்று சதவீதம் அளவுக்குக் கூட்டிக் காட்டும். மணலி பள்ளங்களை நினைத்து நான் இன்னும் அந்தப் பக்கம் போகவில்லை.

195 போடுகிறவர்களுக்குத் தொடக்கமாக ஒரு அளவு: ட்ராக்கில் இறங்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது முன்பக்கம் 31, பின்பக்கம் 30 பிஎஸ்ஐ. சில லேப் ஓட்டிவிட்டு உடனே அளந்தால் முன்பக்கம் ஐந்தாறு பிஎஸ்ஐ ஏறியிருக்கும். 37ஐத் தாண்டினால் இறக்குங்கள். சாக்பீஸ் முக்கோணத்துக்குக் கீழே அழிந்திருந்தால் 2 பிஎஸ்ஐ ஏற்றித் தொடங்குங்கள். வீட்டுக்குக் கிளம்பும் முன், டயர் ஆறிய பிறகு சாலைக்கான அளவுக்குக் காற்றைத் திரும்ப நிரப்பிக்கொள்ளுங்கள்.