ரேஸ் கன்ட்ரோல் செய்திக்கு எது: ஓப்பன்எஃப்1-ஆ, ஃபாஸ்ட்எஃப்1-ஆ?

ஃபார்முலா 1 கார் பந்தயத்தை மேற்பார்க்கும் அதிகாரிகள் குழுதான் ரேஸ் கன்ட்ரோல். ஐரோப்பியப் பந்தயங்கள் பெரும்பாலும் மலேசியாவில் நமக்கு இரவு 9 மணிக்கு. சுங்கை சிப்புட் ஒட்டுக்கடையில் தே தாரிக்கோடு உட்கார்ந்து, மஞ்சள் கொடியா (ஆபத்து எச்சரிக்கை), சேஃப்டி காரா (விபத்தின்போது எல்லாரையும் மெதுவாக ஓட்ட வைக்க முன்னே செல்லும் கார்) என்று போனிலேயே உடனுக்குடன் பார்க்க வேண்டும் என்றால் ஓப்பன்எஃப்1 என்ற இணையத் தரவுச் சேவைதான் சரி. அதன் ரேஸ் கன்ட்ரோல் இணைய முகவரிக்கு நம் நிரலிலிருந்து கோரிக்கை அனுப்பினால் கொடி, சுற்று எண், கார் எண், செய்தி எல்லாம் ஜேசனாக (நிரல்கள் எளிதில் படிக்கும் உரை வடிவம்) வந்துவிடும். எந்த நிரல்மொழியில் எழுதினாலும் ஓடும். ஆனால் 2023 முதலான பழைய தரவு மட்டுமே இலவசம். நேரலை வேண்டுமா, காசு கட்ட வேண்டும்.

ஃபாஸ்ட்எஃப்1 இலவச பைத்தான் நூலகம். நேரலையைப் பிடித்துக் கோப்பில் எழுதி வைக்கும், அவ்வளவுதான். அந்த நிமிடமே பிரித்துக் காட்டாது. கடையில் பந்தா காட்ட உதவாது! அப்புறம் வீட்டில் உட்கார்ந்து அலசுவதற்கோ அதை அடிக்க ஆளில்லை. சேஃப்டி கார் வந்த சுற்றில் யார் டயர் மாற்றும் பிட்டுக்குள் நுழைந்தார், யார் கோட்டைவிட்டார் என்று லேப் (சுற்று) நேரங்களோடு செய்திகளைப் பொருத்திப் பார்க்கலாம். விரிவான நேரத் தரவு 2018-இலிருந்து உண்டு. நம் செபாங் பந்தயத் தடத்தின் கடைசி ஃபார்முலா 1 பந்தயம் 2017. ஒரே வருடத்தில் தவறிவிட்டது.