ரசீதில் மட்டும் மாறிய ஃபில்டர்: லோடர் வைத்த கம்பாக்ட் டிராக்டர் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

லோடர் (முன்னால் மண் அள்ளித் தூக்கும் பக்கெட் அமைப்பு) வைத்த கம்பாக்ட் டிராக்டர், அதாவது சிறிய டிராக்டர், வாங்கப் போகிறவர்களும், வாங்கி முதல் சர்வீஸுக்கு விடப் போகிறவர்களும் இதைப் படித்துவிடுங்கள். முதல் சர்வீஸில் டிரான்ஸ்மிஷன் ஃபில்டரை மாற்றியதாக எழுதி, ஃபில்டருக்கும் கூலிக்கும் சேர்த்து என்னிடம் பணம் வாங்கிக்கொண்டார்கள். ஃபில்டர் மாறவே இல்லை. தொழிற்சாலையில் மாட்டியதுதான் அப்படியே இருந்தது.

வண்டி 25 குதிரைத்திறன், மூன்று சிலிண்டர் டீசல், ஹைட்ரோஸ்டேட்டிக் டிரான்ஸ்மிஷன். முன்னால் லோடர், வயிற்றுக்கடியில் புல்வெட்டும் டெக். கம்பெனி பெயரையும் டீலர் பெயரையும் போடவில்லை. கேட்டு எழுதவும் வேண்டாம். லோடரை மாட்டியதும் ஃபில்டர் போன்ற பாகங்களுக்குக் கை எட்டாமல் போகும் இந்த நெருக்கடி ஒரு கம்பெனி வண்டியோடு நிற்பதில்லை. பெயரைச் சொன்னால் மற்ற வண்டி வாங்குகிறவர்கள் நமக்கென்ன என்று தாண்டிப் போய்விடுவார்கள்.

ஹைட்ரோஸ்டேட்டிக் பழக்கமில்லாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். இதில் எஞ்சின் ஒரு பிஸ்டன் பம்பைச் சுற்றும். பம்ப் ஆயிலை அழுத்தத்தோடு ஒரு மோட்டாருக்குத் தள்ளும். மோட்டார் கியர்கள் வழியாகச் சக்கரத்தைச் சுற்றும். பம்புக்குள் உள்ள பாகங்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி மிகமிகக் குறைவு. புது வண்டியில் கியர்களும் பேரிங்குகளும் ஒன்றோடொன்று படிந்து பழகும்போது இரும்புப் பொடி உதிரும். அந்தப் பொடி பம்புக்குள் போனால் தேய்மானம் அன்றைக்கே ஆரம்பம். வண்டி சில நூறு மணி நேரம் ஓடியபின் ஒருமுறை ஃபில்டர் மாற்றினால் போதும் என்று சொல்லும் கையேடுகள்கூட, முதல் மாற்றத்தை மட்டும் 50 மணி நேர ஓட்டத்திலேயே செய்யச் சொல்வது இதனால்தான். ஆக, ஒரு ஃபில்டரை மாற்றாமல் விட்டதற்கு இவ்வளவு கோபமா என்று யாராவது கேட்டால், வண்டியிலேயே மாற்றாமல் விடக் கூடாத ஃபில்டர் அதுதான்.

தெரியவந்தது இப்படி. சர்வீஸ் முடிந்து வந்த பிறகு, காலையில் ஆயில் குளிர்ந்திருக்கும் நேரத்தில் பின்பக்கத்திலிருந்து சன்னமாக ஓர் ஊளைச் சத்தம் வரத் தொடங்கியது. ஹைட்ரோஸ்டேட்டிக் வண்டியில் கொஞ்சம் சத்தம் எப்போதும் இருக்கும்தான். ஆனால் இது புதிது, கொஞ்சம் ஓடி ஆயில் சூடானதும் குறைந்தது. குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருக்கும். உறிஞ்சும் பக்கத்தில் எங்காவது அடைப்பு இருந்தால் பம்புக்கு ஆயில் போதாமல் இந்த மாதிரி ஊளையிடும். ஆயில் அளவைப் பார்த்தேன், சரியாக இருந்தது. அப்புறம் டெக்கைக் கழற்றிவிட்டு, டார்ச்சோடு கீழே படுத்து ஃபில்டரைப் பார்த்தேன்.

ஃபில்டர் மேல் வண்டியின் பாடி நிறம். பல தொழிற்சாலைகளில் எஞ்சினையும் டிரான்ஸ்மிஷனையும் பொருத்தி முடித்த பிறகுதான் மொத்தமாகப் பெயின்ட் அடிக்கிறார்கள். அப்போது மாட்டியிருக்கும் ஃபில்டரின் மேலும் அது படியும். பெட்டியிலிருந்து எடுத்து மாட்டிய புது ஃபில்டரில் அந்த நிறம் இருக்க வழியில்லை. போதாததற்கு, ஃபில்டரையும் அது உட்காரும் வாயையும் சேர்த்து ஒரு மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள், முறுக்கியதைச் சரிபார்த்ததற்கு அடையாளமாக. கோடு முறியாமல் நேராக இருந்தது. ஒரு சுற்று கழற்றியிருந்தாலும் அது இரண்டு துண்டாகியிருக்கும்.

படம் எடுத்துக்கொண்டு டீலரிடம் போனேன். சர்வீஸ் மேலாளர் படத்தைப் பார்ப்பதற்கு முன்பே, "மாத்தியாச்சு சார், ஜாப் கார்டுல டிக் இருக்கு பாருங்க" என்றார். செய்த வேலைகளைக் குறிக்கும் அந்த ஜாப் கார்டில் டிக் இருந்தது. ரேடியேட்டர் வலை சுத்தம், டிக். முன் அச்சு கிரீஸ், டிக். எல்லாவற்றுக்கும் ஒரே பேனா, ஒரே சாய்வு. படத்தைக் காட்டியதும், அது வேறு ஃபில்டராக இருக்கலாம் என்றார். இந்த வண்டியில் ஹைட்ராலிக்குக்கு ஒன்று, டிரான்ஸ்மிஷனுக்கு ஒன்று என இரண்டு இருப்பது உண்மை, வெளியே பார்க்க ஒரே மாதிரி இருப்பதும் உண்மை. கையேட்டில் இடம் போட்டுக் காட்டியிருக்கும் பக்கத்தைத் திறந்து வைத்த பிறகு, விசாரித்துச் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டார்.

வெளியே வரும்போது ஒரு மெக்கானிக் தனியாகச் சொன்னதுதான் இந்தப் பதிவை எழுத வைத்தது. "லோடரைக் கழட்டாம அந்த ஃபில்டர் வராது சார். கழட்டி மாட்டவே பாதி நாள் போயிடும். எங்களுக்குக் கொடுக்கிற நேரக் கணக்குல லோடரே கிடையாது." அதாவது ஒவ்வொரு வேலைக்கும் இவ்வளவு நேரம் என்று ஓர் அட்டவணை இருக்கிறது, கூலி அதன்படிதான். அந்த அட்டவணை லோடர் இல்லாத வெறும் வண்டியை வைத்துப் போட்டது. மெக்கானிக் ஒழுங்காகச் செய்தால் அவருக்கு நஷ்டம், செய்யாமல் டிக் போட்டால் யாருக்கும் தெரியாது. அவர் செய்தது சரியென்று சொல்ல வரவில்லை. ஆனால் இந்த ஏமாற்று வேலை டீலர் பட்டறையில் ஆரம்பிக்கவில்லை, வரைபட மேசையிலேயே ஆரம்பித்துவிட்டது.

டிராக்டரை ஒரு குழு வடிவமைக்கிறது. லோடரை இன்னொரு குழு, சில சமயம் இன்னொரு கம்பெனியே வடிவமைக்கிறது. டிராக்டரைத் தனியாகப் பார்த்தால் ஃபில்டர் பக்கவாட்டில் வசதியாகத்தான் இருக்கிறது. லோடரைத் தனியாகப் பார்த்தால் அதன் தாங்கு சட்டம் உறுதியாக, குறை சொல்ல முடியாதபடி இருக்கிறது. இரண்டையும் சேர்த்து மாட்டினால் அந்தச் சட்டம் ஃபில்டருக்கு நேர் முன்னால் சுவராக நிற்கிறது. இடுக்கில் விரல் போகும், உள்ளங்கை போகாது. போனாலும் பிரயோஜனமில்லை, திருகித் தளர்த்திய ஃபில்டரை வெளியே இழுக்க அதன் நீளத்துக்கு இடம் வேண்டுமே. விளம்பரப் புத்தகத்தில் பராமரிப்பு எளிது என்று போட்ட படத்தில் லோடர் இல்லை. ஷோரூமில் எனக்குப் பானட்டைத் திறந்து காட்டிய வண்டியிலும் இல்லை.

அந்த ஜாப் கார்டில் டிக் விழுந்திருந்த மற்ற வேலைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ரேடியேட்டர் வலைதான் மோசம். ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு மெல்லிய வலை, புல்விதையும் தூசியும் உள்ளே போகாமல் தடுக்க. புல் வெட்டும் வண்டியில் இது அடிக்கடி அடையும், சில நாள் வேலைக்கு நடுவிலேயே எடுத்து உதற வேண்டிவரும். மேலே இழுத்தால் வந்துவிடும் என்கிறது கையேடு. லோடரோடு வரும் முன்பக்கக் காப்புக் கம்பியில் பானட் இடித்துக்கொண்டு முக்கால்வாசிதான் திறக்கிறது. அந்த நிலையில் வலை பாதி தூரம் வந்து பானட்டில் முட்டி நிற்கும். வளைத்து எடுத்தால் எடுக்கலாம்; வளைந்த வலை திரும்ப அதன் காடியில் ஒழுங்காக உட்காராது, ஓரத்தில் விடும் இடைவெளியில் விதை புகுந்து ரேடியேட்டரின் தகடுகளுக்குள் போய் அடையும். அப்புறம் காற்றடித்துத்தான் எடுக்க வேண்டும், அதுவும் ஃபேன் பக்கத்திலிருந்து முன்னோக்கி. முன்னாலிருந்து அடித்தால் குப்பை இன்னும் ஆழமாகப் போகும். அழுத்தத் தண்ணீர் பீய்ச்சினால் தகடுகள் மடங்கிவிடும். என் வண்டியில் ஃபேன் பக்கம் காற்றுக் குழாயின் முனையை நுழைக்கக்கூட ஃபேன் கவசம் இடம் விடவில்லை. நீளமான வளைந்த முனை ஒன்றை வாங்கித்தான் செய்ய முடிந்தது. சர்வீஸில் சுத்தம் செய்ததாக எழுதிய வலையின் அடிப்பாதி, ஒரு விரல் தடிமனுக்குப் புல்லால் மெழுகியிருந்தது.

காப்புக் கம்பி இடிக்கிறதே, லோடரைத் தூக்கி வைத்துக்கொண்டு வேலை பார்க்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். ஹைட்ராலிக் குழாய் ஒன்று விட்டாலோ, யாராவது லீவரைத் தட்டினாலோ அது தலைமேல் இறங்கிவிடும். பக்கெட் தரையில் இருக்க வேண்டும், எஞ்சினை நிறுத்திய பிறகு லீவரை ஆட்டி அழுத்தத்தை இறக்கியிருக்க வேண்டும்.

எஞ்சின் ஆயில் வடிக்கும் பிளக் முன் அச்சின் சட்டத்துக்கு நேர் மேலே. திறந்தால் ஆயில் சட்டத்தில் விழுந்து மூன்று பக்கம் பிரிந்து ஒழுகும், எந்தப் பாத்திரமும் போதாது. ஆயில் ஃபில்டர் படுக்கைவாட்டில், ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மேல். தளர்த்தியதும் உள்ளிருக்கும் ஆயில் மோட்டார் வயர்களின் மேல்தான் வடியும். முன் அச்சு ஆடும் மையத்தின் கிரீஸ் நிப்பிள், லோடர் சட்டத்தைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. கிரீஸ் துப்பாக்கியின் தலை அதில் நேராக உட்காராது, கிரீஸ் வெளியேதான் பிதுங்கும். சாய்கோண நிப்பிள் ஒன்றை வாங்கி மாற்றியிருக்கிறேன், சின்னச் சாமான்தான். தொழிற்சாலையிலேயே அதை வைத்தால் என்ன என்று கம்பெனியைக் கேட்டேன். கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது.

சிறிய வண்டியில் எல்லாமே நெருக்கம்தான், வேறு வழியில்லை என்பார்கள். பாதி உண்மை. அச்சு இடைவெளி குறைவு, முன்னால் பார்க்க வசதியாகப் பானட் தாழ்வு, நடுவில் டெக்குக்கும் அதன் தண்டுக்கும் இடம் விட வேண்டும். இவ்வளவையும் வைத்துக்கொண்டு, தினமும் பார்க்க வேண்டிய எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் கொண்டுவந்து, ஃபில்டரை ஆள் நின்றபடியே கழற்றும்படி வைத்த வண்டிகளும் இதே அளவில் இருக்கின்றன. ஆகவே நெருக்கத்தை மட்டும் காரணமாகச் சொன்னால் நான் நம்புவதாக இல்லை.

வாங்கப் போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். கையேட்டின் பராமரிப்பு அட்டவணைப் பக்கத்தை முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். நீங்கள் வாங்கப்போகும் அதே லோடரும் டெக்கும் மாட்டிய வண்டியைக் காட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஏற்கெனவே வாங்கியவர் ஒருவரிடம் அழைத்துப் போகச் சொல்லுங்கள். அட்டவணையில் 50 மணி, 100 மணி என்று போட்டிருக்கும் ஒவ்வொரு பாகத்தையும் கண்ணால் பார்த்தால் போதாது, கையால் தொட்டுப் பாருங்கள். ஃபில்டர் என்றால் சுற்றிப் பிடிக்கும் ஸ்பேனர் நுழையுமா, கழற்றிய பின் வெளியே வர வழி உண்டா என்று பார்க்க வேண்டும். வலையை வெளியே உருவிக் காட்டச் சொல்லுங்கள். ஃபியூஸ் பெட்டி எங்கே என்று கேளுங்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள மூடியைக் கழற்றித்தான் என் வண்டியில் அதைப் பார்க்க முடியும். எந்தெந்த வேலைக்கு லோடரைக் கழற்ற வேண்டும், அதற்கான கூலி சர்வீஸ் கட்டணத்தில் சேர்ந்ததா, தனியா என்பதை எழுத்தில் கேளுங்கள். விற்பனையாளர் முகம் மாறினால் பதில் கிடைத்த மாதிரிதான்.

ஏற்கெனவே வண்டி வைத்திருப்பவர்கள், சர்வீஸுக்கு விடுமுன் ஒவ்வொரு ஃபில்டரிலும் பெயின்ட் பேனாவால் ஃபில்டரையும் அதன் வாயையும் இணைத்து ஒரு கோடு இழுத்துப் படம் எடுத்துவிடுங்கள். கழற்றிய பழைய ஃபில்டர்கள் எனக்கு வேண்டும் என்று ஜாப் கார்டிலேயே எழுத வையுங்கள். இதைக் கேட்டு வருத்தப்படுகிற பட்டறையில் வண்டியை விடவே வேண்டாம்.

என் விஷயம் இன்னும் முடியவில்லை. படங்களைக் கம்பெனிக்கு அனுப்பிய பிறகு டீலர் இறங்கிவந்து, லோடரைக் கழற்றி என் கண்முன்னால் ஃபில்டரையும் ஆயிலையும் மாற்றிக் கொடுத்தார். பழைய ஃபில்டரை வெட்டிப் பார்த்தோம், மடிப்புகளுக்குள் பளபளவென்று பொடி. ஃபில்டருக்கு வாங்கிய பணம் திரும்பி வந்தது, கூலி வரவில்லை. முதல் சர்வீஸில் மாற்றவில்லை என்று சர்வீஸ் புத்தகத்தில் எழுதித் தரக் கேட்டேன். பிற்பாடு பம்ப் போனால் வாரண்டிக்கு அந்த வரிதான் ஆதாரம். அவர்கள் எழுதியது: "வாடிக்கையாளர் திருப்திக்காக மாற்றப்பட்டது."

காலைச் சத்தம் பெருமளவு குறைந்திருக்கிறது, முழுக்கப் போகவில்லை. டிரான்ஸ்மிஷனுக்கு மட்டும் வாரண்டியை நீட்டித்துத் தரும்படி கம்பெனிக்கு எழுதியிருக்கிறேன், ரசீதும் ஜாப் கார்டும் படங்களும் இணைத்து. வெட்டிய ஃபில்டரை டீலர் கேட்டார், கொடுக்கவில்லை. கம்பெனியிடமிருந்து பதில் வந்ததும் இந்தப் பதிவிலேயே கீழே சேர்க்கிறேன்.