விரலில் ஒட்டு வைத்ததாகப் பணம் வாங்கினார்கள், வைக்கவே இல்லை

விரல் மூட்டு நொறுங்கி, குருத்தெலும்பு ஒட்டு, அதாவது உடம்பில் வேறு இடத்திலிருந்து எடுத்த துண்டை வைத்துச் சரிசெய்யலாம் என்று உங்களிடம் யாராவது சொல்லியிருந்தால், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

நான் திருப்பூரில் பவர்டேபிள் (மோட்டார் தையல் மெஷின்) டெய்லர். போன தை மாதம் கிரிக்கெட்டில் கேட்ச் பிடிக்கப்போய், பந்து வலது மோதிர விரல் நுனியில் அடித்தது. நடுக்கணு வீங்கிவிட்டது. பக்கத்து கிளினிக்கில் கையை விரித்துவைத்து ஒரே ஒரு எக்ஸ்ரே எடுத்தார்கள். சுளுக்கு என்று சொல்லி, பக்கத்து விரலோடு சேர்த்து ஒட்டி அனுப்பிவிட்டார்கள். ஐந்து வாரமாகியும் விரல் மடங்கவில்லை. அப்புறம் வேறு இடத்தில் பக்கவாட்டில் படம் எடுத்தபோதுதான் தெரிந்தது: நடு எலும்பின் அடிப்பக்கம் பாதிக்கு மேல் நொறுங்கி, எலும்பே புறங்கைப் பக்கம் நழுவியிருந்தது. நேர்ப்படத்தில் இது எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும். விரலில் அடிபட்டால் பக்கவாட்டுப் படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

ஒரு தனியார் மருத்துவமனையில் விளக்கமாகச் சொன்னார்கள். மணிக்கட்டில் ஹேமேட் என்று ஒரு எலும்பு, அதன் விளிம்பு இந்த மூட்டின் வடிவத்துக்குப் பொருந்தும், அதில் குருத்தெலும்போடு ஒரு துண்டு எடுத்து விரலில் வைத்துத் திருகாணியால் முடுக்குவார்கள் என்று. இப்படி ஒரு சிகிச்சை நிஜமாகவே இருக்கிறது, பலருக்குப் பலனும் தந்திருக்கிறது. நம்பினேன். மனைவியின் வளையலை அடகு வைத்து 95,000 ரூபாய் கட்டினேன். அதில் ஒட்டு வைக்க மட்டும் 28,000.

ஆபரேஷன் முடிந்து நாலு வாரத்தில், விரலில் போட்டிருந்த கம்பியை உருவினார்கள். பிசியோதெரபி பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. விரல் குச்சி மாதிரி நின்றது.

கை அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவரிடம் போனேன். அவர் என் புறங்கையைத் திருப்பி, மோதிர விரல், சுண்டு விரல் எலும்புகள் மணிக்கட்டோடு சேரும் இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "எங்கேருந்து எடுத்தாங்க தம்பி? இங்கே தையலே இல்லையே" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. இத்தனை நாள் பார்த்த கைதான், அங்கே ஒரு கீறல்கூட இல்லை என்று எனக்கு உறைக்கவே இல்லை. புது எக்ஸ்ரேயில் திருகாணியும் இல்லை. கம்பியால் மூட்டை இழுத்துப் பிடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆபரேஷன் செய்த மருத்துவமனையில் ஆபரேஷன் குறிப்பைக் கேட்டேன். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதி. எனக்கு மூன்று வாரம் ஆனது. அதில் ஒட்டு பற்றி ஒரு வரிகூட இல்லை. "உள்ளே திறந்து பார்த்துட்டு டாக்டர் முடிவை மாத்தியிருப்பார்" என்றார் மேலாளர். சரி, மாற்றட்டும். அதை என்னிடம் ஏன் சொல்லவில்லை? 28,000 எதற்கு?

ஒட்டு எங்கிருந்து எடுப்பார்கள், தழும்பு எங்கே இருக்கும், பயிற்சி எந்த நாளில் தொடங்கும் என்று முன்பே கேளுங்கள். முடிந்ததும் எக்ஸ்ரேயையும் ஆபரேஷன் குறிப்பையும் கையோடு வாங்குங்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. நான் பில், படம், குறிப்பு மூன்றையும் வைத்து மனு கொடுத்துவிட்டேன். இப்போதைக்கு ஊசிக்கு அடியில் துணியை நடுவிரலால் தள்ளித் தைத்துக்கொண்டிருக்கிறேன்.