ஓம் ரேஞ்சை விட்டுவிட்டு வகுத்துப் பார்க்க ஆரம்பித்த பிறகு: மல்டிமீட்டர், கிளாம்ப் மீட்டர் அனுபவம்

மல்டிமீட்டரில் மின்தடை பார்க்கிற ஓம் ரேஞ்ச் என்று ஒன்று இருக்கிறதே, வீட்டு ஒயரிங் பார்க்க அதைத் தொடுவதை நான் நிறுத்திப் பல வருடம் ஆகிறது. கையில் ஒரு சாதாரண மல்டிமீட்டர், ஒயரை வெட்டாமல் வெளியிலிருந்தே கவ்விக் கரண்டைப் பார்க்கிற ஒரு கிளாம்ப் மீட்டர், அவ்வளவுதான். சாமான் ஓடிக்கொண்டிருக்கும்போதே வோல்ட்டேஜையும் கரண்டையும் பார்த்து, வகுத்தால் மின்தடை, பெருக்கினால் வாட். பள்ளிக்கூடத்தில் படித்த அதே ஓம் விதிதான், ஆனால் பரீட்சைக்குப் பிறகு அதற்கு வேலை இருக்கும் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

வெந்நீர் போடுகிற ராடை எடுத்துக்கொள்ளுங்கள். 1500 வாட் என்று போட்டிருக்கும், ஆனால் சாயங்காலம் தண்ணீர் சுட நேரமாகிறது, ராடு போச்சு, புதுசு வாங்கு என்று வீட்டில் பேச்சு. மீட்டர் வைத்தால் 212 வோல்ட், 6 ஆம்பியர். வகுத்தால் 35 ஓம் சொச்சம். 230 வோல்ட்டில் 1500 வாட் தர வேண்டிய ராடுக்கு இருக்க வேண்டிய மின்தடையும் அதேதான், ஆக ராடில் ஒரு குறையும் இல்லை. பெருக்கிப் பாருங்கள், 1272 வாட்தான் வருகிறது. வோல்ட்டேஜ் நூற்றுக்கு எட்டு குறைந்ததற்கு வாட் நூற்றுக்குப் பதினைந்து குறைந்துவிட்டது, ஏனென்றால் வோல்ட்டேஜ் குறையும்போது கரண்டும் கூடவே குறைகிறது. குறை சொல்ல வேண்டியது லைனை, ராடை அல்ல.

இந்த மீட்டர் ஜோடி எனக்கு உண்மையில் காசு மிச்சம் பண்ணிக் கொடுத்தது ஒரு 16 ஆம்பியர் சாக்கெட்டில்தான். ப்ளக்கைப் பிடுங்கினால் கை சுடும். வந்த எலக்ட்ரீஷியன் மெயினை அணைத்து, மல்டிமீட்டரில் பஸ்ஸர் வைத்து (அதுவும் ஓம் ரேஞ்ச் மாதிரிதான், இணைப்பு இருந்தால் சத்தம் போடும்), சத்தம் வருகிறது, எல்லாம் சரி என்று போய்விட்டார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை, ஓம் ரேஞ்சில் மீட்டர் அனுப்புவது மில்லி ஆம்பியர் கணக்கில்தான், போதாததற்கு மீட்டர் ஒயர்களுக்கே கால் ஓம் அரை ஓம் வரைக்கும் மின்தடை உண்டு, அதற்குள் லூஸ் கனெக்ஷன் எங்கே தெரியப்போகிறது? நான் அதே ராடை ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டி, அந்த பாக்ஸை இரண்டு சாக்கெட்டில் மாறி மாறிப் போட்டு, பாக்ஸின் பக்கத்துத் துளையில் வோல்ட்டேஜ் பார்த்தேன். அந்த போர்டிலேயே இருந்த நல்ல சாக்கெட்டில் 212, சுடுகிற சாக்கெட்டில் 209. கரண்ட் 6 ஆம்பியருக்குப் பக்கம். மூன்று வோல்ட்டை ஆறால் வகுத்தால் அரை ஓம், மூன்றை ஆறால் பெருக்கினால் 18 வாட். அதாவது சாக்கெட்டுக்குள்ளே ஒரு சின்ன சால்டரிங் அயர்ன் எரிந்துகொண்டிருந்தது. கழற்றினால் ஒரு ஸ்க்ரூ தளர்ந்து, செம்பு கறுத்துப் போயிருந்தது. கறுத்த ஒயரை வெட்டிவிட்டுப் புது சாக்கெட் போட்டதும் இரண்டு சாக்கெட்டிலும் ஒரே வோல்ட்டேஜ்.

குண்டு பல்பிலும் ஓம் ரேஞ்ச் இதே மாதிரி ஏமாற்றும். 100 வாட் பல்பை அணைத்து வைத்துப் பார்த்தால் 40 ஓம் பக்கம் காட்டும், அதை நம்பிக் கணக்குப் போட்டால் 1300 வாட்! எரியும்போது டங்ஸ்டன் சூடேறி 529 ஓம் ஆகிவிடுகிறது. ராடு, கீசர், அயர்ன் பாக்ஸில் இருக்கிற நிக்ரோம் கம்பி சூடானாலும் அப்படி மாறாது, அதனால் அங்கே ஓம் ரேஞ்ச் ஓரளவு சரியாகவே சொல்லும்.

மோட்டார் இருக்கிற சாமானில் மட்டும் பெருக்கலை நம்பாதீர்கள். கிரைண்டருக்கு வோல்ட்டேஜையும் கரண்டையும் பெருக்கினால் 200-க்கு மேல் வருகிறது, ப்ளக்கில் மாட்டுகிற வாட் மீட்டர் 150 பக்கம்தான் காட்டுகிறது. இடையில் பவர் ஃபேக்டர் (பெருக்கி வருவதில் உண்மையான வாட் எத்தனை பங்கு என்கிற கணக்கு) இருக்கிறது, ஈபி மீட்டர் யூனிட் கணக்கிடுவதும் அந்த 150-க்குத்தான். எல்இடி பல்பு, சார்ஜர் பக்கம் போனால் ட்ரூ ஆர்எம்எஸ் (கரண்டின் அலை வடிவம் கோணலாக இருந்தாலும் சரியாக அளக்கிற வசதி) இல்லாத மீட்டர் கரண்டைக் குறைத்தே காட்டும்.

கிளாம்ப் மீட்டர் வாங்குகிறவர்களுக்கு: முழு ஒயரையும் கவ்வினால் பூஜ்யம்தான் வரும், போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும். ஃபேஸ் ஒயர் மட்டும் தனியாக வெளியே தெரிகிற மாதிரி (உள் இன்சுலேஷன் அப்படியே இருக்கட்டும்) ஒரு குட்டி எக்ஸ்டென்ஷன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். சின்ன கரண்ட் என்றால் அந்த ஒயரைக் கவ்வியில் பத்து சுற்று சுற்றி, வருவதைப் பத்தால் வகுக்கலாம். மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் துளையை நான் 230 வோல்ட்டில் பயன்படுத்துவதே இல்லை, சிவப்பு ஒயரை அதிலேயே விட்டுவிட்டு வோல்ட்டேஜ் பார்க்கப் போனால் நேரடி ஷார்ட்.

விலை குறைந்த கிளாம்ப் பெரும்பாலும் ஏசி மட்டும்தான் பார்க்கும். என்னுடையதும் அப்படித்தான், இன்வெர்ட்டர் பேட்டரி பக்கம் அதற்கு வேலையே இல்லை. சோலார், பேட்டரி வைத்திருப்பவர்கள் இன்னும் கொஞ்சம் போட்டு டிசி பார்க்கிற கிளாம்பாக வாங்கிவிடுங்கள். அது இருந்தால், 40 ஆம்பியர் இழுக்கும்போது பேட்டரி 12.6-லிருந்து 12.2-க்கு இறங்குகிறதா, 0.4-ஐ 40-ஆல் வகுத்தால் பேட்டரியின் உள் மின்தடை 10 மில்லி ஓம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழு சார்ஜில் பார்த்து எழுதி வைத்தால் பேட்டரி எப்படிக் கிழடாகிறது என்று தெரிந்துவிடும்.