பார்கோடுக்குக் கீழே ஒரு பேஸ் கிதார்

சென்னையில் பேஸ் கிதார் வாங்கப் போகிறவர்கள் கட்டைவிரல் நகத்தைக் கொஞ்சம் வளர்த்துக்கொண்டு போங்கள். வாசிக்க இல்லை, ஸ்டிக்கர் உரிக்க. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இந்தத் தடவை ஊருக்கு வந்ததில் வங்கி வேலை, அப்பாவின் பென்ஷன் தாள், நெல்லை எக்ஸ்பிரஸில் கீழ் பெர்த் எல்லாமே ஒழுங்காக நடந்துவிட்டன, அதையெல்லாம் எழுதி யாருக்கு என்ன பயன். திரும்பி வந்தும் ஆறாமல் இருப்பது ஒரு பார்கோடு ஸ்டிக்கர்தான்.

அக்கா மகன் சென்னையில் இன்ஜினியரிங் படிக்கிறான். பாளையங்கோட்டையில் இருந்தவரை சர்ச் கொயரில் கீபோர்டு வாசித்தவன். காலேஜ் பேண்டில் பேஸுக்கு, அதாவது கனமான அடிச் சுரங்கள் வாசிக்கிற கிதாருக்கு, ஆள் இல்லை என்று இவனைப் பிடித்துப் போட்டுவிட்டார்கள். உலகத்தில் பாதி பேஸ் வாசிப்பவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள், ஜெர்மனியில் நான் இருக்கும் எர்லாங்கனில் எங்கள் அரைகுறை பேண்டில் நானும் அப்படி வந்தவள்தான். "சித்தி, ஜெர்மனியிலேர்ந்து வரும்போது ஒண்ணு வாங்கிட்டு வாங்களேன்" என்றான். வாங்குவது பெரிய வேலை இல்லை, தோமன் இசைக் கருவிக் கடை இருக்கும் ட்ரெப்பன்டார்ஃப் கிராமம் எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போகிற தூரம். ஆனால் பேஸ் மட்டுமே 115 சென்டிமீட்டர் நீளம் வரும். பெட்டியோடு நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால், விமானங்களில் வழக்கமாகச் செக்-இன் லக்கேஜுக்கு வைத்திருக்கும் 158 சென்டிமீட்டரைத் தாண்டிவிடும். அதற்குத் தனிக் கட்டணம், சென்னையில் இறங்கினால் கஸ்டம்ஸில் கேள்வி, அப்புறம் வாரண்டி ஜெர்மனியில், பேஸ் இந்தியாவில். வேண்டாம்டா, நான் வரும்போது சேர்ந்து போய் வாங்கலாம் என்று சொல்லிவிட்டேன்.

எது வாங்குவது என்று வாட்ஸ்அப்பில் மாதக்கணக்கில் சண்டை. அவனுக்கு ஐந்து ஸ்ட்ரிங் வேண்டும். பேஸ் கலைஞர் மோஹினி டே வீடியோக்கள் பார்த்து வந்த ஆசை, குறை சொல்ல முடியாது. ஆனால் ஐந்தாவது ஸ்ட்ரிங்கின் கீழ் பி சுரம் கிட்டத்தட்ட 31 ஹெர்ட்ஸ். நாலு ஸ்ட்ரிங் பேஸின் அடி இ 41 ஹெர்ட்ஸ். அவன் ஹாஸ்டல் அறையில் இருக்கப்போகிற 15 வாட் குட்டி ஆம்பில் அந்த இ-யே ஒழுங்காகக் கேட்காது, பி அடித்தால் ஸ்பீக்கர் உதறுகிற சத்தம்தான் வரும். முதலில் நாலில் கை பழகட்டும் என்று பேசி முடித்தேன். ரேடியோவில் இளையராஜா பாட்டு வந்தால் பாடகரை விட்டுவிட்டு சசிதரனின் பேஸை வாயால் கூடவே பாடுகிற கூட்டம் நாங்கள், பிறகு ரஹ்மான் பாட்டுகளில் கீத் பீட்டர்ஸுக்காக வாக்மேனில் காதைத் தீட்டியவர்கள். கம்பி எண்ணிக்கையில் மயங்குகிற ஆள் நான் இல்லை.

அப்புறம் பிக்கப், கம்பியின் அதிர்வைப் பிடித்து ஆம்புக்கு அனுப்புகிற காந்தம். பிரிசிஷன் பேஸில் நடுவில் இரண்டாக உடைத்து வைத்த மாதிரி இருக்குமே, 1957-லிருந்து ஃபெண்டர் அப்படித்தான் வைக்கிறது, அது பி. 1960-ல் வந்த ஜாஸ் பேஸில் ஒல்லியாக நீளமாக இரண்டு இருக்கும், அது ஜே. பி ஒன்று நடுவிலும் ஜே ஒன்று கம்பிகள் முடிகிற பிரிட்ஜ் பக்கமும் இருந்தால் பிஜே. சர்ச்சில் மெதுவான பாட்டுக்கும் ஆகும், காலேஜ் கூத்துக்கும் ஆகும். யமஹா டிஆர்பிஎக்ஸ் 174, இபனேஸ் ஜிஎஸ்ஆர் 200, ஸ்கொயர் அஃபினிட்டியில் பிஜே என்று மூன்று பெயர் எழுதிக்கொண்டு கிளம்பினோம். இபனேஸில் ஒன்பது வோல்ட் பேட்டரி போட வேண்டும், ஆராதனை நடுவில் அது செத்தால் தொல்லை, அதனால் என் மனதில் யமஹாதான்.

இசைக் கருவி என்றாலே எங்கள் காலத்தில் மவுண்ட் ரோடுதான். 1842-ல் மிஸ்கித் என்று தொடங்கிய மியூசி மியூசிக்கல் அங்கேதான் இருக்கிறது, டிரினிட்டி இசைப் பரீட்சை என்றால் ஊரிலிருந்து யாராவது ஒருவர் அந்தப் படியேறாமல் இருக்க மாட்டார்கள். இவன் நண்பனோ வேறொரு கடையைச் சொன்னான், டிஸ்கவுன்ட் கிடைக்குமாம். கடைப் பெயர் எழுதப்போவதில்லை. ஏசி, கண்ணாடிக் கதவு, வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லாத அளவுக்கு நாகரிகம்.

உள்ளே போனதும் கடைப் பையன் நேராக இவனிடம் "சொல்லுங்க சார்" என்றான். பார்க்க வந்தவள் நான், பணம் கொடுக்கப்போகிறவள் நான், கேள்வி கேட்பவள் நான், பதில் மட்டும் பத்தொன்பது வயசு சாருக்குப் போகிறது. சரி, ஊர் அப்படித்தான் என்று விட்டேன். சுவரில் கறுப்பாக ஒரு யமஹா. என்ன மாடல் என்றேன்.

"யமஹா பேஸ் மேடம்."

"யமஹா தெரியுது தம்பி. மாடல்?"

"லேட்டஸ்ட் மாடல் மேடம்."

புடவைக் கடையில் "பட்டு" என்று மட்டும் சொல்லி விலை சொல்வது மாதிரி. யமஹா பேஸ் என்ற பெயரில் எத்தனை வகை, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் விலையில் எவ்வளவு வித்தியாசம்! பரவாயில்லை, தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கின் பின்பக்கம் போட்டிருப்பார்கள் என்று திருப்பினால், மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் இருக்க வேண்டிய இடத்தின் மேல், அளந்து வைத்த மாதிரி, கடையின் பார்கோடு ஸ்டிக்கர். எவ்வளவு இடம் கிடக்கிறது ஒரு பேஸில்! பின்பக்கம் முழுக்க வெற்றுப் பலகை. அதை விட்டுவிட்டு அந்தக் கட்டைவிரல் அகலத்தில்தான் ஒட்டியிருக்கிறார்கள்.

லேசாக ஓரத்தைத் தூக்கிப் பார்க்கிறேன் என்றேன். பையன் பதறிவிட்டான். "ஸ்டிக்கர் கிழிஞ்சா பில் போட முடியாது மேடம்." அப்படியானால் மாடல் எப்படித் தெரியும்? "கம்ப்யூட்டர்ல இருக்கும்." கேஷ் கவுண்ட்டரில் இருந்தவர் பார்கோடை அடித்துப் பார்த்துவிட்டு, முகத்தை நிமிர்த்தாமல், டிஆர்பிஎக்ஸ் 304 என்றார். விலையும் 304-க்கு உள்ள விலை.

இது 304 இல்லை. இதைக் கண்டுபிடிக்க ஸ்டிக்கரே தேவையில்லை என்பதால்தான் எனக்குக் கோபம் வந்தது. 304-ல் இரண்டும் பருமனான ஹம்பக்கர் பிக்கப், இதில் பிஜே. 304 ஆக்டிவ், பேட்டரி உண்டு, தொனியை ஐந்து நிலையில் மாற்றுகிற ஈக்யூ சுவிட்ச் உண்டு. இதில் இருப்பது மூன்று குமிழ், இரண்டு வால்யூம், ஒரு டோன், அவ்வளவுதான், பின்னால் பேட்டரி போடுகிற மூடியே கிடையாது. எல்லாம் 174-க்குப் பொருந்துகிறது. யமஹாவில் கடைசி இலக்கம் ஸ்ட்ரிங் எண்ணிக்கை, 174, 304 என்றால் நாலு, 305 என்றால் ஐந்து, ஆகவே அதை வைத்து இந்த இரண்டையும் பிரிக்க முடியாது, மேலே சொன்ன மற்றவற்றை வைத்துப் பிரிக்கலாம். ஒவ்வொன்றாகக் காட்டிச் சொன்னேன். கவுண்ட்டர்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கம்ப்யூட்டர்ல 304-னுதான் இருக்கு மேடம்" என்றார். அட்டைப்பெட்டியில் எழுதியிருக்குமே என்றால் பெட்டி கோடவுனில். கோடவுன் எங்கே? ரெட்ஹில்ஸ்.

சரி, வாசித்தாவது பார்க்கலாம் என்றால் பாலித்தீன் உறையைப் பிரிக்க மாட்டார்களாம். கொஞ்ச நேரம் மல்லுக்கட்டிய பிறகு பிரித்து, ஒரு கிதார் ஆம்பில், சத்தத்தைக் கரகரப்பாக்குகிற டிஸ்டார்ஷன் பட்டனை அணைக்காமலே செருகினான். வந்த சத்தத்தை வைத்து மாடலை அல்ல, வாத்தியத்தையே கண்டுபிடிக்க முடியாது. பையன் பிளெக்ட்ரம் எடுத்து கம்பிகளைச் சேர்த்து அடித்து கிதார் கார்டு வாசித்துக் காட்டினான், ஒவ்வொரு சுரமாக வாசிக்க வேண்டிய பேஸில்.

இந்த இடத்தில் எனக்கு ட்ரெப்பன்டார்ஃப் ஞாபகம் வந்ததைச் சொல்லத்தான் வேண்டும், வெளிநாட்டுக்காரி பெருமை அடிக்கிறாள் என்று திட்டினாலும். அங்கே பேஸ்கள் வரிசையாகத் தொங்கும், மாடல் பெயரும் விலையும் நூலில் கட்டிய அட்டையில் இருக்கும். நூலில்! இருபது பைசா சமாச்சாரம். எடுத்து உட்கார்ந்து வாசித்தால் யாரும் பக்கத்தில் வந்து நிற்க மாட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிடிக்கவில்லை என்றாலும் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். சென்னைக் கடையிலோ பில்லின் அடியில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது", அதுவும் மாடல் எண் தவறாக உள்ள பில்லில். ஞாயிற்றுக்கிழமை ட்ரெப்பன்டார்ஃபில் கடை பூட்டியிருக்கும், நெக்கையும் கம்பி உயரத்தையும் சரிசெய்கிற ஒரு செட்டப்புக்குத் தேதி வாங்கிக் காத்திருக்க வேண்டும் என்பதும் உண்மைதான். ஆனால் அன்றைக்கு அந்த நியாயமெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. அக்கா மகன் வேறு மெதுவாக, "சித்தி, 304 விலை கொடுத்தா என்ன, பேஸ் ஒண்ணுதானே" என்று ஆரம்பித்தான். இவனை இன்ஜினியர் ஆக்கப்போகிறார்களாம்.

"மேலே சர்வீஸ்ல காட்டுங்க" என்று கவுண்ட்டர்காரர் எங்களைத் தள்ளிவிட்டார். எங்களை ஒழிக்கத்தான் சொல்லியிருப்பார்.

மேலே ஏசி இல்லை. மரப்படி, சாலிடரிங் புகை, சுவர் முழுக்கக் கழற்றிய கீபோர்டுகள், ஒரு கிவ்சன் கிதார் பாதி உடம்போடு. அறுபதைத் தாண்டிய ஒரு பெரியவர் மேசைக்குப் பின்னால். பையன் பேஸைத் தூக்கிக்கொண்டு படியேறி வரும்போதே, இன்னும் முழுசாக உள்ளே நுழையவில்லை, "நூத்தியெழுபத்திநாலு, என்ன பிரச்சினை?" என்றார்.

எனக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. "அண்ணாச்சி, அதைக் கீழே வந்து ஒரு தடவை சொல்லுங்க" என்றேன். அவர் சிரித்துவிட்டுப் பேஸை வாங்கித் திருப்பினார், கட்டைவிரலை எச்சிலில் தொட்டு ஸ்டிக்கர் ஓரத்தில் நாலு தேய்ப்பு, நகத்தால் ஒரே இழுப்பு. கிழியாமல் முழுசாக வந்தது. அதைப் பையனின் சட்டைப் பையில் ஒட்டிவிட்டு, "இனிமே இங்க ஒட்டாதேன்னு நூறு தடவை சொல்லியாச்சு" என்றார். ஸ்டிக்கர் இருந்த இடத்தில் சின்ன எழுத்தில் டிஆர்பிஎக்ஸ் 174.

அதோடு விடவில்லை. ஆம்ப் எதிலும் செருகாமல் பேஸின் கொம்பில் தாடையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஸ்ட்ரிங்காகத் தட்டிக் கேட்டார். ஆம்ப் இல்லாதபோது எலும்பு வழியாகக் கேட்கிற பழைய வித்தை, நான் வீட்டில் ராத்திரி இப்படித்தான் பழகுவேன், கடையில் ஒருவர் செய்து பார்த்தது இப்போதுதான். ஒரு ஸ்ட்ரிங்கை, நெக்கில் குறுக்கே பதித்த ஃப்ரெட்களில் முதலாவதிலும் கடைசியிலும் அழுத்திப் பிடித்து நடுவில் உள்ள இடைவெளியை அக்கா மகனுக்குக் காட்டினார். "ரொம்ப நாளா சுவத்துல தொங்குது, இந்த ஊர் ஈரத்துக்கு நெக் முன்னாடி வளைஞ்சிருக்கு பாரு தம்பி. வாங்கிட்டுப் போயி விரல் வலிக்குதுன்னு மூலையில போட்டுருவே." ஆலன் கீயை, நெக்கின் வளைவைச் சரிசெய்ய அதன் உள்ளே ஓடும் ட்ரஸ் ராடில் போட்டுக் கால் சுற்று. கொஞ்சம் பொறுத்து இன்னும் ஒரு சின்னத் திருகல். பிரிட்ஜில் கம்பி உயரத்தைக் குறைத்தார். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பியை லேசாகத் தொட்டு எடுக்கிற ஹார்மானிக்கும், அழுத்தி வாசித்த சுரமும் ஒன்றாக வரும்வரை கம்பி உட்காரும் சேடிலை முன்னும் பின்னும் நகர்த்தினார், டியூனரைக் கடைசியில் சரிபார்க்க மட்டும்தான் எடுத்தார். இவ்வளவு நேரமும் பேச்சு எல்லாம் என்னிடம். நான் என்ன வாசிக்கிறேன், அங்கே குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டால் நெக் எந்தப் பக்கம் போகும் என்று விசாரித்துக்கொண்டே. பணம் நீட்டினால் வாங்கவில்லை, புதுச் சரக்குக்கு வாங்க மாட்டாராம்.

அக்கா மகன் இபனேஸையும் ஸ்கொயரையும் கேட்கவே இல்லை. அவர் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்தவன் கீழே வைக்கவில்லை. ஸ்கொயர் வாங்குகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை, சீரியல் எண்ணில் ஐசிஎஸ் என்று ஆரம்பித்தால் இந்தோனேசியாவில் கோர்ட் (Cort) கம்பெனித் தொழிற்சாலையில் செய்தது, அடுத்த இரண்டு இலக்கம் வருடம். "இந்த வருஷச் சரக்கு" என்று சொன்னால் அதைப் பாருங்கள், அதாவது ஸ்டிக்கர் விட்டால்.

கீழே வந்து பில் போட இன்னொரு யுத்தம். 174 என்று ஒரு பொருள் ஸ்டாக்கிலேயே இல்லை, அதனால் விற்க முடியாது என்றார் கவுண்ட்டர்காரர், பொருள் எங்கள் கையில் இருக்கும்போதே. கடைசியில் 304 என்று பில் அடித்து, வித்தியாசத்தை "ஸ்பெஷல் டிஸ்கவுன்ட்" என்று கழித்தார்கள். நண்பன் சொன்ன டிஸ்கவுன்ட் இதுதான் போலிருக்கிறது. நாளைக்கு வாரண்டி கேட்டால் பில்லில் ஒன்று, பேஸில் ஒன்று என்று கையை விரிப்பார்கள் என்று நான் நகரவில்லை. பேனாவால் 304-ஐ அடித்து 174 எழுதிக் கையெழுத்துப் போட்டு சீல் வைத்தார், சீல் பாதி அந்த எண்ணின் மேலேயே விழுந்தது.

இலவசமாகப் பையும் கொடுத்தார்கள். ஹாஸ்டல் போய்த் திறந்து பார்த்தால் சாதாரண கிதாருக்கான பை, பேஸின் தலை ஒரு சாண் வெளியே நிற்கிறது. மாற்ற இந்தச் சனிக்கிழமை போகிறான். நேராக மாடிக்குப் போ, கவுண்ட்டர் பக்கமே திரும்பாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.