ஹைவே பேட்ரோல்மேன்: எனக்கு வாய்த்த முதல் பெரிய ரிவால்வர்

பெரிய பிரேம் (உடல் சட்டகம்) உள்ள ரிவால்வர் வைத்திருக்கிறேன் என்று சொன்னதும் நம்மூர் நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, "சுடும்போது பின்னால் தள்ளுமே, அந்த உதையைக் கை தாங்குமா?" என்பதுதான். தாராளமாகத் தாங்கும். சின்ன ரிவால்வரின் உதையைத் தாங்குவதுதான் கடினம். என்னுடையது அமெரிக்க நிறுவனமான ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் மாடல் 28, நாலு அங்குலக் குழல், .357 மேக்னம் என்ற வலுவான தோட்டாவைச் சுடுவது. இதைப் பல ஆண்டுகளாகச் சுட்டுவருகிறேன். கைத்துப்பாக்கி பழக நினைப்பவர் முதலிலேயே இந்த அளவில் ஒன்றை வாங்கிவிட வேண்டும், சின்னதில் தொடங்கிப் பெரியதற்குப் போகக் கூடாது என்பது என் திடமான கருத்து.

நான் இருப்பது டெக்சஸில், ஹூஸ்டன் பக்கம். விசாவில் வேலை பார்த்த காலம் முழுக்க துப்பாக்கி வாங்கும் பேச்சே இல்லை. குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதை அமெரிக்க மத்திய அரசின் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு என்றாலும் அவற்றை நம்பி இறங்க எனக்கு விருப்பமில்லை. கிரீன் கார்டு வந்த பிறகுதான் கடைக்குப் போனேன். 4473 என்ற படிவம், அடையாள அட்டை, எஃப்.பி.ஐ.யின் பின்னணிச் சோதனை, அவ்வளவுதான். கடைக்காரரிடம் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது நிரம்பியிருக்க வேண்டும்.

மாடல் 28-க்கு 'ஹைவே பேட்ரோல்மேன்' என்று பெயர். அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் இந்தத் துப்பாக்கி ஏன் இப்படி இருக்கிறது என்பதும் விளங்கும். 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்கப் போலீசுக்கு ஒரு தலைவலி. குற்றவாளிகள் காரில் தப்பினார்கள், வழக்கமான .38 ஸ்பெஷல் தோட்டாவுக்கோ காரின் தகட்டைத் துளைக்கும் வலு போதவில்லை. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தன் .44 தோட்டாவுக்கென வடிவமைத்திருந்த பெரிய சட்டகத்தை எடுத்து, அதில் .38 துளை போட்டு, கூடுதல் அழுத்தமுள்ள தோட்டாவைச் சுடும்படி 1930-இல் ஒரு ரிவால்வர் கொண்டுவந்தது. அந்த வழியிலேயே 1935-இல் .357 மேக்னம் பிறந்தது. முதல் துப்பாக்கி எஃப்.பி.ஐ. இயக்குநர் ஜே. எட்கர் ஹூவருக்குப் போனது. வாங்குபவர் பெயரில் பதிவுச் சான்றிதழோடு, கேட்ட குழல் நீளத்தில், கண்ணாடிபோல மெருகேற்றிக் கொடுத்தார்கள். அன்றைய விலை 60 டாலர், பொருளாதாரப் பெருமந்த காலத்தில் பெரும் தொகை.

அந்த மெருகுதான் விலையை ஏற்றியது. சாலையில் ரோந்து போகும் காவலருக்கு மெருகு எதற்கு? 1954-இல் அதே சட்டகம், அதே உள்வேலை, ஆனால் மெருகில்லாத மங்கிய கறுப்பு மேற்பரப்பு என்று மாடல் 28 வந்தது. 1986 வரை செய்தார்கள். என்னுடையது 1970-களில் வந்தது, எண் 'என்' எழுத்தில் தொடங்குகிறது. பக்கத்தில் மெருகேற்றிய அண்ணன் மாடல் 27-ஐ வைத்துப் பார்த்தால் என்னுடையது உழைப்பாளியின் சட்டைபோலத்தான் தெரியும். எனக்கு அந்த முகம் பிடித்திருக்கிறது. கீறல் விழுந்தால் மனம் பதறாது.

துப்பாக்கிப் பிரியர்கள் இந்தப் பெரிய சட்டகத்தை 'என்' பிரேம் என்ற பெயரில் சொல்வார்கள். பிரேம் பெரிது, அதனால் தோட்டாக்கள் உட்காரும் சுழல் உருளையான சிலிண்டரும் பெரிது. .44 தோட்டாவைத் தாங்கும் இடத்தில் .357 துளைதான் போட்டிருக்கிறார்கள், ஆகவே துளைகளுக்கு நடுவே தாராளமாக எஃகு இருக்கிறது. இதன் அருமை, 1955-இல் வந்த மாடல் 19-ஓடு ஒப்பிட்டால் தெரியும். அமெரிக்க எல்லைக் காவல் படையின் பில் ஜோர்டன் கேட்டு வந்த, இடுப்பில் சுமக்க இதமான நடுத்தர பிரேம் அது. குழலின் பின்வாய் அந்தச் சின்னச் சட்டகத்துக்குள் பொருந்துவதற்காக அதன் அடிப்பகுதியைச் சற்றுத் தட்டையாக்க வேண்டியிருந்தது. 125 கிரெய்ன் (சுமார் 8.1 கிராம்) எடைக் குண்டுள்ள வேகமான மேக்னம் தோட்டாக்களை ஓயாமல் சுட்டவர்களிடம் அந்த மெல்லிய இடம் விரிசல் கண்டது. இடைப்பட்ட 'எல்' பிரேம் 1980 வாக்கில் வந்ததற்கு இதுவும் காரணம். 'என்' பிரேமில் அந்தக் கவலை கிடையாது.

இனி உதைக்கு வருவோம். மாடல் 28 வெறுமையாகவே ஏறத்தாழ 1.2 கிலோ. பாக்கெட்டில் போடும் இலகுவான ஐந்து தோட்டா ரிவால்வர் ஏறத்தாழ 425 கிராம்தான். ஒரே .38 ஸ்பெஷல் தோட்டாவை இரண்டிலும் சுட்டால், இதில் கையில் வந்து சேரும் உதையின் ஆற்றல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. எடை கூடக் கூட உதை அதே விகிதத்தில் குறையும், இது வெறும் இயற்பியல். சாதாரண .38 ஸ்பெஷலில் 10.2 கிராம் குண்டு விநாடிக்குச் சுமார் 230 மீட்டர் வேகத்தில் போகிறது. அதே எடையுள்ள குண்டு .357 மேக்னத்தில் 376 மீட்டர். இரண்டையும் ஒரே துப்பாக்கி சுடும். மேக்னம் தோட்டாவின் உலோகக் கூடு சுமார் 3.4 மில்லிமீட்டர் நீளம் கூடுதல், எனவே மேக்னம் தோட்டா பழைய .38 ரிவால்வருக்குள் நுழையாது. பாதுகாப்புக்காக வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள்.

நான் சுடுவதில் பெரும்பகுதி .38 ஸ்பெஷல்தான். உதை அவ்வளவு மென்மையாக இருப்பதால் அச்சம் ஓடிவிடுகிறது. அச்சம் போனபின்தான் டிரிக்கரைக் கவனிக்க முடியும். புதியவர்கள் குறி தவறுவதற்குப் பெரும்பாலும் காரணம், சத்தம் வரப்போகிறது என்று தெரிந்து, வெடிக்கும் முன்பே கையைக் கீழே தள்ளுவது. இதைத் திருத்த ஆறு துளையில் இரண்டு மூன்றில் மட்டும் தோட்டா போட்டு, எது எங்கே என்று பார்க்காமல் சிலிண்டரைச் சுழற்றி மூடிச் சுடச் சொல்வார்கள். தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் ஹேமர் வெற்றுத் துளையில் விழும்போது குழல் முனை குனிந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். மேகஸின் (தோட்டாப் பெட்டி) வைத்த பிஸ்டலில் இந்தப் பயிற்சிக்கு போலித் தோட்டா வாங்க வேண்டும்.

டிரிக்கரைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். ஹேமரைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து வைத்துச் சுட்டால் கண்ணாடிக் குச்சி உடைவதுபோல வெடுக்கென்று விடும், நகர்வே தெரியாது. இழுக்காமல் நேரே சுட்டால் நீண்ட, கனமான, ஆனால் தொடக்கம் முதல் கடைசிவரை சீரான இழுப்பு. என் உழைப்பு முழுக்க இந்த இரண்டாவதில்தான் போனது. சிலிண்டர் பெரிது என்பதால் அது சுழன்று நிற்கும் அசைவு விரலுக்கே தெரிகிறது. வேகமாக இழுத்தால் அந்தக் கனமான சிலிண்டர் தன் வேகத்தோடு வந்து பூட்டில் மோதுகிறது. காலப்போக்கில் பூட்டும் பள்ளங்களும் தேய இதுவே வழி. ஆகவே 'என்' பிரேமில் சர்க்கஸ் வேகம் எதற்கு என்று நினைக்கிறேன். நிதானமாக, இடையில் நிறுத்தாமல் இழுப்பதே இதற்கு ஏற்ற சுடுமுறை.

நம் கைகள் பொதுவாகச் சின்னவை, இதை ஒளிக்க வேண்டியதில்லை. பழைய அகலமான மரப்பிடியோடு என் ஆட்காட்டி விரல் நுனிதான் டிரிக்கரைத் தொட்டது. பிடியை மாற்றினால் தீரும் பிரச்சினை இது. சட்டகத்தோடு ஒட்டிய மெல்லிய மரப்பிடியைப் போட்டு, டிரிக்கர் காப்பு வளையத்துக்குப் பின்னே உள்ள இடைவெளியை டைலர் 'டி' கிரிப் என்ற சின்ன உலோகத் துண்டால் நிரப்பினேன். அதன்பின் நடுவிரல் ஒழுங்காக உட்கார்ந்தது. முழு மேக்னம் சுடும் நாளில் மட்டும் ரப்பர் பிடி. பார்க்க அழகில்லை, உள்ளங்கைக்கு நல்லது.

சுடுதளத்தில் இதை வெளியே எடுத்தாலே யாராவது பக்கத்தில் வந்துவிடுகிறார்கள். ஓய்வுபெற்ற காவலர் ஒருவர், பணியில் சேர்ந்தபோது கொடுத்த முதல் ரிவால்வர் இதே மாடல் என்றார். பெல்ட்டில் ஒரு பக்கம் மட்டும் இழுத்து இழுத்து இடுப்பு வலித்ததும், பிஸ்டலுக்கு மாறியபோது அந்த வலி போய் மனசு கனத்ததும் அவர் நினைவில் நின்றவை. ஒரு பெண்மணிக்கு அவர் தந்தை முதலில் தந்தது .44 மேக்னம். ஆனால் அப்பா வருடக்கணக்கில் அதில் மென்மையான .44 ஸ்பெஷல் தோட்டா மட்டுமே போட்டுக் கொடுத்தாராம். மகள் பயமே அறியாமல் வளர்ந்தாள். அந்த அப்பாவை நான் பார்த்ததில்லை, ஆனால் சுடச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்த மனிதர் என்று சத்தியம் செய்வேன். சட்டைப் பையில் அடங்கும் சின்ன ரிவால்வரோடு தொடங்கியவர்களும் வருவார்கள். அவர்கள் முதல் நினைவு பெரும்பாலும் உள்ளங்கை எரிச்சல்தான்.

பராமரிப்பில் கண்டிப்பு தேவை. .38 ஸ்பெஷல் கூடு குட்டை என்பதால் துளையில் அது முடியும் இடத்துக்கு முன்னால் கரியும் ஈயமும் வளையமாகப் படியும். சுத்தம் செய்யாமல் நீளமான மேக்னம் தோட்டாவைப் போட்டால் உள்ளே போக அடம்பிடிக்கும், சுட்டபின் வெளியே வர மறுக்கும். ஒவ்வொரு முறையும் வெண்கலத் தூரிகையும் கரைப்பானும் போட்டு ஆறு துளையையும் தேய்க்கிறேன். அடுத்த இடம், கூடுகளை வெளியே தள்ளும் நட்சத்திரத் தகட்டின் அடிப்பகுதி. எரியாத வெடிமருந்துத் துகள் ஒன்றிரண்டு அதன் கீழே ஒட்டினாலும் சிலிண்டர் இறுகிவிடும். கூடுகளைத் தள்ளும்போது குழல் முனை வானைப் பார்க்க வேண்டும், உள்ளங்கையால் ஒரே அடி. அப்போது துகள்கள் கூடுகளோடு கீழே விழுந்துவிடும். 1982-க்கு முந்திய மேக்னம் மாடல்களில் தோட்டாவின் விளிம்பு சிலிண்டருக்குள் புதையும்படி பள்ளம் இருக்கும். பார்க்க நேர்த்தி, ஆனால் அந்தப் பள்ளத்தில் சேரும் அழுக்கைப் பல்துலக்கி கொண்டுதான் எடுக்க முடிகிறது.

உள்வேலையை மூடியிருக்கும் பக்கத் தகட்டைத் திறக்க நேர்ந்தால், திருகுப் பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளி வேண்டும். தகட்டை நெம்பவே கூடாது. திருகுகளை எடுத்தபின் பிடிச் சட்டகத்தை மரக்கைப்பிடியால் மெல்லத் தட்டினால் தானே எழும்பும். தேவையில்லாமல் திறக்காதீர்கள்.

ஹூஸ்டன் ஈரப்பதம் சென்னையை நினைவுபடுத்தும் ரகம், நீலக் கறுப்புப் பூச்சேற்றிய எஃகுக்கு அது பகை. சுட்டு முடித்ததும் விரல் ரேகைகளைத் துடைத்து மெழுகு பூசுகிறேன். தோல் உறைக்குள் வைத்துப் பூட்டிவிடுவது பலர் செய்யும் காரியம். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், தோலைப் பதனிடப் பயன்பட்ட உப்புகள் எஃகில் குழி பறிக்கும். உறை தனியாக, துப்பாக்கி தனியாக. துப்பாக்கி இருக்கும் இடம் பூட்டிய இரும்புப் பெட்டி. 17 வயதுக்குட்பட்ட பிள்ளையின் கைக்கு எட்டும்படி தோட்டா ஏற்றிய துப்பாக்கியை வைப்பது டெக்சஸ் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் என் வீட்டில் அது நடக்காது.

குறைகளும் இருக்கின்றன. தினமும் உடம்பில் சுமக்க இது லாயக்கில்லை. மூடிய சுடுதளத்தில் மேக்னத்தின் அதிர்வு நெஞ்சில் அறைகிறது, காதுக்குள் அடைப்பான், அதன்மேல் காது மூடி என்று இரட்டைப் பாதுகாப்பு போட்டே தீர வேண்டும். சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் சூடான வாயு பக்கவாட்டில் பீறிடும். பிஸ்டல் பழக்கத்தில் ஆதரவுக் கையின் விரலை முன்னே நீட்டுபவர்கள் அதை முதல் நாளே மறக்க வேண்டும். வீடு திரும்பியதும் ஈயத் தூசி போகக் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் சாப்பாடு.

இப்போது புதிதாக வருபவற்றை வாங்கலாமா என்று கேட்பார்கள். 2001 முதல் பெரும்பாலான மாடல்களின் பக்கவாட்டில் ஒரு சாவித் துளை உண்டு, உட்பூட்டுக்காக. பழையவர்களுக்கு அதைக் கண்டால் ஆகாது. சுடுவதற்கு அது தடையில்லை என்பேன், ஆனாலும் என் காசு பழைய மாடலுக்கே போகும்.

பழையதை வாங்கப் போகிறவர் கடைக்காரரிடம் கேட்டு, வெறுமையாக இருப்பதைத் தானே உறுதி செய்தபின் பார்க்க வேண்டியவை: ஹேமரை மிக மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள், அது முழுதாக நிற்கும் முன்னரே சிலிண்டர் 'டிக்' என்று பூட்ட வேண்டும். ஆறு துளைக்கும் தனித்தனியே பாருங்கள். ஹேமர் நின்ற நிலையில் கட்டைவிரலால் பின்னாலிருந்து தள்ளினால் விழக் கூடாது, விழுந்தால் யாரோ உள்ளே கைவைத்திருக்கிறார்கள். மூடிய சிலிண்டரை முன்னும் பின்னும் அசைத்தால் ஆட்டம் தெரியக் கூடாது. குழலின் பின்வாயில் விளக்கடித்து விரிசல் தேடுங்கள். பக்கத் தகட்டுத் திருகுகளின் பள்ளம் சிதைந்திருந்தால் விலையைக் குறைத்துப் பேசுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். மேற்பூச்சின் தேய்மானத்துக்குப் பயப்பட வேண்டாம், அது பெரும்பாலும் உறைக்குள் போய்வந்த தடம். துப்பாக்கி தொழிற்சாலையிலிருந்து எந்த நாளில் போனது என்று ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஹிஸ்டாரிக்கல் ஃபவுண்டேஷனில் கட்டணம் கட்டிக் கடிதம் வாங்கலாம். சேகரிப்பவருக்கு அது தேவை. சுடுவதற்கென்றே வாங்குபவர் அந்தப் பணத்தை .38 ஸ்பெஷல் பெட்டிகளில் போடட்டும்.