டப்பாவின் முன்பக்கத்தை நம்பி நான்கு மாதங்களை இழந்தோம்

"இரத்தசோகையைப் போக்கும்" என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட ஒரு சத்துப் பொடியை என் மூன்று வயது மகளுக்கு நான்கு மாதங்கள் கொடுத்தேன். வெளிறிய குழந்தை உங்கள் வீட்டிலும் இருந்தால், தயவுசெய்து இதைப் படித்துவிட்டு எதையும் வாங்குங்கள்.

அவள் எந்நேரமும் சோர்ந்து கிடந்தாள். யாரும் பார்க்காதபோது மண்ணை அள்ளித் தின்றாள். பொடி விற்றவர் தன்னை ஊட்டச்சத்து ஆலோசகர் என்று சொல்லிக்கொண்டார். "குழந்தையை ஊசியால் குத்திப் பரிசோதிக்க வேண்டாம். காலையும் மாலையும் பாலில் ஒரு ஸ்பூன் கலந்து கொடுங்கள்" என்றார். ஊசி வேண்டாம் என்ற சொல்லிலேயே நான் விழுந்துவிட்டேன்.

டப்பாவின் பின்பக்கத்தை அப்போதே படித்திருக்க வேண்டும். இரும்புச் சத்து 100 கிராமில் 14 மில்லிகிராம். ஒரு ஸ்பூன் என்பது 8 கிராம். அப்படியானால் நாள் முழுவதற்கும் இரண்டு ஸ்பூன் சேர்த்து வெறும் 2.2 மில்லிகிராம் அளவுக்குத்தான் கணக்கு வருகிறது. அந்த வயதுக் குழந்தைக்குச் சாதாரணமாகவே நாளுக்கு 7 மில்லிகிராம் வேண்டும்.

அதைவிடக் கொடுமை பால். பொடி உள்ளே போக வேண்டுமே என்று டம்ளர் டம்ளராகக் குடிக்கவைத்தேன். பாலில் இரும்பு மிகமிகக் குறைவு. அதிலுள்ள கால்சியம் மற்ற உணவின் இரும்பையும் உடலில் சேரவிடாமல் தடுக்கும். பாலிலேயே வயிறு நிறைந்ததால் அவள் சோற்றைத் தொடவே இல்லை.

கடைசியில் மருத்துவரிடம் போனபோது ஹீமோகுளோபின் 8.6. அந்த வயதில் 11-க்குக் கீழே போனாலே இரத்தசோகை. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் அடிமட்டத்தில் இருந்தது. மண் தின்றதே ஓர் அறிகுறி என்று அவர் சொன்னபோது நெஞ்சு பதறியது. எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்று கணக்கிட்டு, 12 கிலோ குழந்தைக்கு நாளுக்கு 36 மில்லிகிராம் இரும்பு மருந்து எழுதிக்கொடுத்தார். பொடியில் கிடைத்தது எங்கே, இது எங்கே!

விற்றவரை அழைத்துக் கேட்டேன். நான் கலக்கிய முறை தவறு என்றார். அதன் பிறகு அவர் தொலைபேசியை எடுக்கவே இல்லை.

இப்போது பாலை அரை லிட்டருக்குள் நிறுத்திவிட்டோம். முட்டை, இறைச்சி, பருப்பு, கீரை கொடுக்கிறோம். வைட்டமின் சி இரும்பைச் சேரவைக்கும் என்பதால் கூடவே ஆரஞ்சும் உண்டு. ஹீமோகுளோபின் 11.4-க்கு ஏறிவிட்டது. ஆனாலும் சேமிப்பு நிரம்பும்வரை இன்னும் மூன்று மாதங்கள் மருந்தை நிறுத்தக் கூடாது என்கிறார் மருத்துவர். அளவு மீறினால் இரும்பு குழந்தையின் உயிருக்கே ஆபத்து என்பதால், புட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன்.